கேமரா கேள்வி பதில்: வளவு வெளிச்சத்தில் தொடங்குங்கள்

கேள்வி: ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். படம் எடுக்கப் பழக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சிங்கப்பூரில் இருக்கும் மகன் அடுத்த மாதம் வரும்போது கேமரா வாங்கி வருகிறேன் என்கிறான். எதை வாங்கச் சொல்லட்டும்? இப்போது கையில் இருப்பது செல்போன்தான்.
— ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, இந்தத் தடவை கேமரா வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செல்போன் போதும். வளவு வைத்த வீடு, அதாவது நடுவே வானம் பார்த்த முற்றமும் சுற்றிலும் தூண்களும் உள்ள வீடு இருந்தால் படம் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது.

எனக்கு அப்போது 19 வயது. பிலிம் காலம். அப்பத்தாவை வளவு முற்றத்தில், உச்சி வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். வெளிச்சம் நிறைய இருந்தால் படம் நன்றாக வரும் என்று நினைப்பு. கழுவிப் பார்த்தால் நெற்றி ஒரே வெள்ளை, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழி. வைரத்தோடு மின்னுகிறது, முகத்தைக் காணோம். அடுத்த தையில் அப்பத்தா தவறிவிட்டார்கள். எங்களிடம் இருப்பது அந்த ஒரு படம்தான்.

அன்றைக்கு நாலடி தள்ளி, பத்திக்குள் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) தூணோரமாக, முற்றத்தைப் பார்த்து உட்கார வைத்திருக்க வேண்டும். மேலே கூரை இருப்பதால் வெயில் தலையில் விழாது. வானத்து வெளிச்சம் எதிரே இருந்து முகத்தில் வந்து படியும், கண்மணியில் ஒரு சின்னப் பொட்டு மின்னும். அந்தப் பொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

ஆள் கிடைக்காத நாளில் ஒரு மரவையை (மரக் கிண்ணத்தை) பத்தியில் வையுங்கள். இடத்தை மாற்றாமல் காலை 7 மணிக்கு, 11 மணிக்கு, மாலை 5 மணிக்கு எடுத்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மாதம் இதையே செய்யலாம்.

இன்னொன்று. கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதனால்தான் முட்டையும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த வெள்ளைச் சுவர் அழுக்காகவும், பர்மா தேக்குக் கதவு வெளிறியும் விழுகின்றன. பெரும்பாலான செல்போன்களில் திரையைத் தொட்டால் சூரியன் போல ஒரு குறி வரும். சுவருக்கு அதை மேலே தள்ளுங்கள், கதவுக்குக் கீழே இறக்குங்கள்.

ஆறு மாதம் கழித்தும் ஆசை அப்படியே இருந்தால் மகனிடம் கேளுங்கள். லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா ஒன்று, பழையதானாலும் சரி. அதோடு 50 எம்.எம்., எஃப் 1.8 லென்ஸ். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். கேமராவோடு வழக்கமாக வரும் 18-55 லென்ஸ், 55-இல் பெரும்பாலும் எஃப் 5.6 வரைதான் திறக்கும். அதைவிட இது ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். வீட்டின் உள்ளே இரண்டாம் கட்டு இருட்டிலும் ஃபிளாஷ் போடாமல் எடுக்கலாம்.

கேள்வி: ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வதைப் படம் எடுக்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
— கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: தம்பி, முதல் கல்லை வெறுமனே பாருங்கள். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றுவார்கள். அப்புறம் அச்சை நேரே மேலே தூக்குவார்கள். அந்த நொடியில் பச்சையும் சிவப்பும் ஈரம் மின்ன, ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். அடுத்து மணலும் சிமென்டும் மேலே விழுந்ததும் எல்லாம் மறைந்துவிடும். எடுக்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான். கை அசையாமல் விழ வேண்டுமென்றால் ஷட்டர் வேகம் 1/250 நொடி, அசைவு தெரிய வேண்டுமென்றால் 1/30 நொடி. வேலை செய்பவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். அடுத்த முறை போகும்போது அவருக்கு ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கேள்வி: எடுத்த படங்களை எப்படிப் பத்திரப்படுத்துவது?
— ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: செல்போனில் மட்டும் வைக்காதீர்கள், இன்னும் இரண்டு இடத்தில் பிரதி இருக்கட்டும். நல்லதாக மாதம் பத்துப் படம் பிரிண்ட் போட்டு, ஆல்பத்தில் ஒவ்வொன்றின் கீழும் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். எங்கள் வீட்டு முகப்பில் மாட்டியிருக்கும் பழைய படங்களில் நாலு பேர் யார் என்று சொல்ல இப்போது ஆள் இல்லை.