வீசைக்கணக்கு எண்ணெய்: நீங்க கேட்டது, அக்கா சொல்றது

அக்கா, வீட்ல நாலு பேரு, மாசம் மூணு வீசை பாமாயில் ஆகுது. வீட்டுக்காரருக்கு கொலஸ்ட்ரால் ஜாஸ்தின்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா டின்ல கொலஸ்ட்ரால் இல்லாததுன்னுதானே போட்டிருக்கு? (யாங்கோன், தாமுவே வாசகி)

டின்ல போட்டிருக்கறது பொய் இல்லம்மா, ஆனா அது வாழைப்பழத்துல முள் இல்லன்னு எழுதி விக்கற மாதிரி. செடியிலயோ மரத்துலயோ எடுக்கற எந்த எண்ணெய்லயும் கொலஸ்ட்ரால் சொல்ற அளவுக்கு கிடையாது, அதெல்லாம் கறி, முட்டை, நெய்யில இருக்கறது. நம்ம ரத்தத்துல ஓடற கொலஸ்ட்ராலை பெரும்பாலும் நம்ம உடம்பேதான் செய்யுது, சாச்சுரேட்டட் கொழுப்பு நிறைய உள்ள போச்சுன்னா கெட்ட கொலஸ்ட்ராலை ரத்தத்துலேர்ந்து வழிச்செடுக்கற வேலைய லிவர் சரியா பாக்காது, அதான் ஏறுது. பாமாயில்ல பாதி அந்தக் கொழுப்புதான்.

உங்க கணக்கையே போடுவோம். நம்ம பர்மா வீசை ஒன்னு 1.63 கிலோ, மூணு வீசை கிட்டத்தட்ட 4.9 கிலோ, அத நாலு பேருக்கும் 30 நாளுக்கும் வகுத்தா ஆளுக்கு தினம் 40 கிராம் வருது. அதுல 20 கிராம் சாச்சுரேட்டட். 2000 கலோரி சாப்பிடற ஆளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற எல்லையே ஏறக்குறைய 22 கிராம், கறி முட்டை பால் டீ எல்லாம் சேத்து! அதே 40 கிராம் கடலெண்ணெய்யா (நிலக்கடலை எண்ணெய்) இருந்தா 7 கிராம்தான்.

இது சும்மா ஏட்டுக்கணக்கு இல்ல. நம்மாளுங்க இருக்கற மொரீஷியஸ்லயே 1987ல ரேஷன் எண்ணெய்ய பெரும்பாலும் பாமாயில்ங்கறதுலேர்ந்து முழு சோயா எண்ணெய்யா மாத்தினாங்க. 1992ல அளந்து பாத்தா ஜனங்களோட சராசரி கொலஸ்ட்ரால் மில்லிமோல் கணக்குல 5.5லேர்ந்து 4.7க்கு வந்திருந்துச்சு, நம்ம லேப் ரிப்போர்ட் கணக்குல 213 இருந்தது 182. எல்லாம் எண்ணெய்னால மட்டும்னு சொல்லல, ஆனா அதுக்கும் நல்ல பங்கு இருக்கு. எண்ணெய்ய மாத்தினாலும், டாக்டர் மாத்திரை குடுத்திருந்தா அத மட்டும் நிறுத்த வேணாம்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க.

கடலெண்ணெய்னு வாங்கறதுல பாமாயில் கலக்கறாங்களாமே, ஃப்ரிட்ஜ்ல வச்சா தெரிஞ்சிடுமா? (பெகு வாசகர்)

கலக்கறது நடக்குது தம்பி, விலை வித்தியாசம் அப்படி. ஃப்ரிட்ஜ் டெஸ்ட்ட முழுசா நம்பாதீங்க, நல்ல கடலெண்ணெய்யே குளிர்ல மங்கி கெட்டியாகும். தெரிஞ்ச செக்குல, கண்ணு முன்னாடி ஆட்டி வாங்கறதுதான் வழி. அங்கயும் கடலைய கையில அள்ளி பாருங்க, பூசணம் புடிச்ச கடலைன்னா அஃப்ளடாக்சின்னு ஒரு விஷம் இருக்கலாம், அது லிவருக்கு ஆகாது, செக்கு எண்ணெய்யிலயும் அது இறங்கும்.

எங்க அத்தைக்கு குழம்பு மேல எண்ணெய் மிதக்கலன்னா அது குழம்பே இல்ல. எப்படி குறைக்கறது? (தட்டோன், ஒரு மருமக)

அத்தை இந்த ஊர்லயே பொறந்து வளந்தவங்களா இருக்கும்! பர்மாக்காரங்க குழம்பு வைக்கற முறைக்கு சீப்யான்னு பேரு, அப்படின்னா எண்ணெய் திரும்பி வர்றதுன்னுதானே அர்த்தம், வெங்காயம் பூண்டு இஞ்சி வதங்கி, கறி வெந்து, தண்ணி சுண்டி, ஊத்தின எண்ணெய் மேல வரணும். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துல காலைல ஆக்கினத ராத்திரி வரைக்கும் அந்த எண்ணெய் மூடி வச்சுது, அதனால அவங்கள ஒரேயடியா குத்தம் சொல்ல முடியாது. ஆனா எண்ணெய் திரும்ப நிறைய எண்ணெய் வேணாம்மா, பொறுமைதான் வேணும். வெங்காயத்த அரியாம இடிச்சுப் போட்டு, உப்பு சேத்து, சின்ன தீயில வச்சீங்கன்னா பாதி எண்ணெய்யிலயே பிரிஞ்சு வரும். நானும் மொதல்ல ரெண்டு குழிக்கரண்டி ஊத்தினவதான், இப்ப ஒன்னு. அப்படியும் மிதந்தா பரிமாறறதுக்கு முன்னாடி சட்டிய சாய்ச்சு வச்சு கரண்டியால ஒதுக்கி எடுத்துடுங்க, அத்தை கண்ணுக்கு ஒரு ஓரம் மட்டும் விட்டு வைங்க.

தேங்காய் எண்ணெய் குடிச்சா இளைக்கலாம்னு வீடியோ வருதே? (மோல்மேன் வாசகி)

இளைக்காது. எந்த எண்ணெய்யானாலும் கிராமுக்கு 9 கலோரி, ஒரு டேபிள்ஸ்பூன் குடிச்சா 120. தேங்காய் எண்ணெய்ல சாச்சுரேட்டட் பாமாயிலவிட ஜாஸ்தி, 80 சதவீதத்துக்கு மேல. தலைக்கு தேச்சுக்கோங்க.

வடை சுட்ட எண்ணெய்ய எத்தன தடவ வச்சுக்கலாம்? (தாமுவே, இன்னொரு வாசகி)

ஆறினதும் வடிகட்டி, மூடி, அடுத்த ரெண்டு மூணு நாள்ல தாளிக்க வதக்கன்னு தீத்துடுங்க, திரும்பத் திரும்ப பொரிக்க வேணாம். ஒவ்வொரு தடவ காயும்போதும் எண்ணெய் உடைஞ்சு கெட்டுப்போகுது, சீக்கிரமே புகைய ஆரம்பிக்கும், நுரை அடங்காது, கையில தொட்டா பிசுபிசுன்னு ஒட்டும். இதுல ஒன்னு தெரிஞ்சாலும் கொட்டிடணும். மேல புது எண்ணெய் ஊத்தி ஓட்டினாலும் கெட்டது கெட்டதுதான். சாயங்காலம் பூதிஜோ (சுரைக்காய் பஜ்ஜி) வாங்கப் போனீங்கன்னா கடைக்காரர் சட்டிய ஒரு எட்டு எட்டிப் பாருங்க, அடி தெரியாம கருப்பா இருந்தா பக்கத்துல மொய்ங்கா (மீன் குழம்பு ஊத்தின நூடுல்ஸ்) கடை இருக்கும், அங்க போய் உக்காருங்க.