35 மில்லியன் டாலர் பிட்சரை உங்கள் அணியால் எடுக்க முடியுமா?

கேள்வி: எங்கள் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் அணியின் சம்பளப் பட்டியல் 215 மில்லியன் டாலர் என்று இணையத்தில் இருக்கிறது. 2026ஆம் ஆண்டுக்கான ஆடம்பர வரி வரம்பு (இதைத் தாண்டிச் செலவழிக்கும் அணி வரி கட்ட வேண்டும்) 244 மில்லியன். ஆறு ஆண்டுகளுக்கு 210 மில்லியன் கேட்கும் ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடியவர்) பிட்சர், அதாவது பந்து எறிபவர், ஒருவரை எடுத்தால் வரம்பை 6 மில்லியன்தான் தாண்டும். அப்புறம் ஏன் நிர்வாகம் தயங்குகிறது?

பதில்: நீங்கள் பார்த்த 215 மில்லியன், வீரர்களுக்கு அந்த ஆண்டு கையில் கொடுக்கும் பணம். வரிக்கணக்கு வேறு. வரிக்கு ஒவ்வொரு ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியைத்தான் எடுப்பார்கள். முதல் ஆண்டு 15 மில்லியன், கடைசி ஆண்டு 50 மில்லியன் என்று எழுதிக்கொண்டாலும், 210ஐ ஆறால் வகுத்து ஆண்டுக்கு 35 என்றே பதிவாகும். சம்பளத்தைப் பின்னால் தள்ளி வரியைக் குறைக்கலாம் என்று ரசிகர்கள் போடும் கணக்கு இங்கேதான் தவறுகிறது.

அதோடு, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் போன்ற வீரர் நலச் செலவில் அணியின் பங்காக 17, 18 மில்லியன் சேரும். 30 அணிகளும் சேர்ந்து இளம் வீரர்களுக்குக் கொடுக்கும் 50 மில்லியன் ஊக்கத்தொகையில் முப்பதில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1.67 மில்லியனும் சேரும். உங்கள் அணியின் ஒப்பந்தச் சராசரிகளும் 215தான் என்று வைத்துக்கொண்டாலே அது 235 ஆகிவிட்டது. பிட்சரைச் சேர்த்தால் 270. தாண்டுவது 6 அல்ல, 26 மில்லியன்.

இனி வரி. முதல் முறை வரம்பைத் தாண்டும் அணிக்கு, தாண்டிய தொகையில் 20 விழுக்காடு. தொடர்ந்து இரண்டாம் ஆண்டு 30. மூன்றாம் ஆண்டு முதல் 50. வரம்புக்கு மேல் 20 மில்லியனைக் கடந்த பகுதிக்குக் கூடுதலாக 12 விழுக்காடு உண்டு. முதல் முறை என்றால் உங்கள் அணிக்கு 5.2 மில்லியனும், 264ஐத் தாண்டிய 6 மில்லியனுக்கு 0.72 மில்லியனும், மொத்தம் 5.92 மில்லியன் வரி. பிட்சரின் உண்மை விலை கிட்டத்தட்ட 41 மில்லியன். தாங்கக்கூடியதுதான்.

ஏற்கெனவே 290 மில்லியனில் நிற்கும், பல ஆண்டுகளாக வரி கட்டிவரும் பணக்கார அணிக்கு அதே பிட்சர் என்ன விலை? 284க்கு மேல் கூடுதல் வரி 45 விழுக்காடு (அந்த நிலைக்கு முதல் முறை போனால் 42.5), 304க்கு மேல் 60. அடிப்படை 50உடன் சேர்த்தால் முதல் 14 மில்லியனுக்கு 95 விழுக்காடு, மீதி 21 மில்லியனுக்கு 110 விழுக்காடு. வரி மட்டும் 36.4 மில்லியன், சம்பளத்தோடு 71 மில்லியனுக்கு மேல். வரம்பை 40 மில்லியன் தாண்டினால் டிராஃப்டில் (புதிய இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறை) முதல் தேர்வு பத்து இடம் பின்னால் போகும்.

பிட்சர் தன் பழைய அணி நீட்டிய குவாலிஃபையிங் ஆஃபரை (ஃப்ரீ ஏஜென்ட் ஆகும் வீரருக்குப் பழைய அணி தரும் ஓராண்டு ஒப்பந்தம்; 2026 சீசனுக்கு 22.025 மில்லியன்) மறுத்தவரா என்றும் பாருங்கள். மறுத்தவர் என்றால் அவரை எடுக்கும் அணி டிராஃப்ட் தேர்வு இழக்கும். முந்தைய ஆண்டு வரி கட்டிய அணிக்கு இரண்டு தேர்வுகளும், வெளிநாட்டு இளைஞர்களை எடுக்க வைத்திருக்கும் நிதியில் 1 மில்லியனும் போகும்.

ஆனால் உங்கள் நிர்வாகத்தைத் தடுப்பது 2026 என்று நான் நினைக்கவில்லை. 2027, 2028தான். மூன்று ஆண்டு அனுபவம் முடித்த இளம் வீரர்கள் ஆர்பிட்ரேஷனுக்கு (உடன்பாடு வராவிட்டால் சம்பளத்தை நடுவர் முடிவு செய்யும் முறை) போவார்கள். 2026இன் குறைந்தபட்சச் சம்பளமான 780,000 டாலரை ஒட்டி வாங்கிக்கொண்டிருந்தவர் ஒரே தாவலில் பல மில்லியனுக்கு ஏறுவார். அப்படி மூன்று பேர் ஒரே சமயத்தில் ஏறினால், பிட்சரின் 35 மில்லியன் அவர்களில் ஒருவரை வெளியே தள்ளும். பாஸ்டன் ரெட் சாக்ஸ் 2015 டிசம்பரில் பிட்சர் டேவிட் பிரைஸை ஏழு ஆண்டு, 217 மில்லியனுக்கு எடுத்தது. 2018இல் கோப்பையும் வந்தது. 2020 பிப்ரவரியில் வரம்புக்குக் கீழே இறங்க, நட்சத்திர வீரர் மூக்கி பெட்ஸையும் பிரைஸையும் சேர்த்து லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு அனுப்பி, பிரைஸின் மீதிச் சம்பளத்தில் பாதியையும் தானே கட்டியது. பெட்ஸ் டாட்ஜர்ஸில் கோப்பைகள் வென்றார். அந்தப் பிரிவு இன்றும் பாஸ்டன் ரசிகர்களுக்கு ஆறாத வலி.

அடுத்தது முழங்கை. பேஸ்பால் ஒப்பந்தம் உத்தரவாதமானது. காயமானாலும் சம்பளம் ஓடும், வரிக்கணக்கிலும் நிற்கும். பிட்சர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் 2019 டிசம்பரில் வாஷிங்டன் அணியுடன் 245 மில்லியனுக்குக் கையெழுத்திட்ட பிறகு ஆடியது எட்டு ஆட்டம். இன்னொரு பிட்சர் கார்பின் பர்ன்ஸ் அரிசோனா அணியுடன் ஆறு ஆண்டு, 210 மில்லியன் ஒப்பந்தம் போட்டு, முதல் சீசன் பாதியிலேயே முழங்கைத் தசைநாருக்கான டாமி ஜான் அறுவை சிகிச்சைக்குப் போனார். இந்தச் சிகிச்சைக்குப் பின் திரும்ப ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். எனவே ஆறு ஆண்டுக்குப் பணம் கொடுத்து நான்கு, நான்கரை ஆண்டு ஆட்டம் கிடைக்கும் என்று வைத்துக் கணக்கிடுங்கள்.

இடையில் விலகும் உரிமையும் கவனிக்க வேண்டியது. நன்றாக எறிந்தால் பிட்சர் வெளியேறி அதிகம் கேட்பார். சரியாக எறியாவிட்டால் இருந்துகொள்வார். இழப்பு அணிக்குத்தான். அதைவிடச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஒத்திவைப்பது அணிக்கு நல்லது. வரிக்கு அதன் இன்றைய மதிப்பைத்தான் எடுப்பார்கள்; டாட்ஜர்ஸ் நட்சத்திரம் ஷோஹெய் ஒஹ்தானியின் ஆண்டுக்கு 70 மில்லியன், சுமார் 46 ஆகப் பதிவாவது இதனால்தான். ஆனாலும் அந்தப் பணத்தைக் கிளப் முன்கூட்டியே ஒதுக்கி வைத்தாக வேண்டும்.

ஒரு தாளில் 2026, 2027, 2028 என்று மூன்று பத்தி போடுங்கள். உறுதியான ஒப்பந்தங்களின் சராசரி, நலச் செலவு, ஆர்பிட்ரேஷன் உயர்வு, பிட்சரின் 35 ஆகியவற்றை எழுதிக் கூட்டுங்கள். வரி இறுதியாகக் கணக்கிடப்படுவது சீசன் முடிவில் என்பதால், ஜூலை டிரேடுக்கும் (அணிகளுக்கிடையே வீரர் பரிமாற்றம்) சில மில்லியன் விட்டுவையுங்கள். 2027, 2028 பத்திகளில் வரம்பை மட்டும் காலியாக விடுங்கள். இந்த விதிகளை வகுக்கும், வீரர் சங்கத்துடனான தொழிலாளர் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1இல் முடிகிறது. அதற்குப் பிந்தைய வரம்பை எதுவும் உறுதிசெய்யவில்லை. அந்த இடத்தில் 244ஐயே போட்டுப் பார்த்தும் பெரிதாகத் தாண்டவில்லை என்றால் உங்கள் அணியால் முடியும். 2028இல் 280ஐத் தொட்டால், நான்கு ஆண்டு ஒப்பந்தத்துக்கு ஆண்டுச் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டுப் பார்ப்பதே நிர்வாகத்துக்குச் சரியான வழி.