கலிஃபோர்னியால ஒரு சின்ன சிட்டி கவுன்சில் கையில என்னதான் இருக்கு?

கேள்வி இது: அமெரிக்காவுல சின்ன ஊர்ல ரோடு, தண்ணி, சாக்கடை, வீட்டு பர்மிட் எல்லாம் சிட்டி கவுன்சிலே முடிவு பண்ணுமா, இல்ல நம்ம ஊரு நகராட்சி மாதிரி மேலருந்து வர்ற ஆர்டருக்கு தலையாட்டிட்டு இருக்குமா?

எல்லா ஸ்டேட்டுக்கும் சேத்து பதில் சொல்ல முடியாது, ஒவ்வொண்ணுலயும் சட்டம் வேற. நான் இருக்கறது கலிஃபோர்னியால பே ஏரியா, அதாவது சான் ஃபிரான்சிஸ்கோவ சுத்தி இருக்குற பகுதி, சுமாரா 30,000 பேர் இருக்குற ஒரு ஊரு, பேரு வேணாம். டிராஃபிக் சேஃப்டி கமிஷன்னு சம்பளம் இல்லாத ஒரு கமிட்டி, அதுல கொஞ்ச காலம் இருந்தேன், கவுன்சில் மீட்டிங்குக்கும் அப்பப்ப போவேன். பாத்த வரைக்கும் எனக்கு தோணுறது, எந்த விஷயத்துக்கு ஹால் நெறைய ஆளு வந்து கத்துறாங்களோ அதுல கவுன்சிலுக்கு பெருசா ஒண்ணும் இல்ல, ஸ்டேட் தலைநகரம் சாக்ரமென்டோல முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க. எதுக்கு ஒருத்தரும் எட்டிப் பாக்கறதில்லையோ அதுலதான் இவங்க அதிகாரம் முழுசா இருக்கு.

மொதல்ல அமைப்ப சொல்லிடறேன். கலிஃபோர்னியால 480க்கும் மேல சிட்டி இருக்கு, பெரும்பாலான ஊர்ல கவுன்சில்னா 5 பேர்தான். பல சின்ன ஊர்ல மேயருக்குன்னு தனி எலெக்‌ஷன் கெடையாது, அந்த 5 பேருக்குள்ளயே வருஷத்துக்கு ஒருத்தர்னு மாறிட்டே இருக்கும், மேயருக்கும் ஒரே ஓட்டுதான். ஆளு எடுக்கறது, வேலை வாங்கறது, தினசரி நிர்வாகம் எல்லாம் சிட்டி மேனேஜர்னு ஒரு ஆபீசர். நம்ம ஊரு நகராட்சி கமிஷனர் செய்ற வேலைதான், ஆனா இவர ஸ்டேட் அனுப்பி வெக்கிறதில்ல, கவுன்சிலே வேலைக்கு எடுக்கும், பிடிக்கலன்னா கவுன்சிலே வீட்டுக்கு அனுப்பிடும். இந்த ஒரு வித்தியாசம் ரொம்ப பெருசு. கவுன்சிலர் சம்பளம் எவ்ளோன்றதும் ஸ்டேட் சட்டத்துலதான் இருக்கு, 35,000 ஜனத்தொகை வரைக்கும் உள்ள ஊருக்கு பல வருஷமா மாசம் 300 டாலர்தான் அடிப்படை வரம்பு, 2024லருந்துதான் 950 வரைக்கும் போலாம்னு ஆக்குனாங்க. அதனால எல்லாருக்கும் பகல்ல வேற வேலை இருக்கும், மீட்டிங் சாயந்திரம் ஆரம்பிச்சு சில நாள் நடுராத்திரி வரைக்கும் இழுக்கும்.

அப்புறம் 1953ல வந்த பிரௌன் ஆக்ட், கவுன்சில் மாதிரி அமைப்புங்க எல்லாத்தையும் ஜனங்க முன்னாடிதான் பேசணும்ன்ற ஸ்டேட் சட்டம். ரெகுலர் மீட்டிங்னா 72 மணி நேரத்துக்கு முன்னாடி அஜெண்டா ஒட்டிடணும், அதுல இல்லாத விஷயத்த அன்னிக்கு முடிவு பண்ண முடியாது. நம்மாளுங்ககிட்ட சொன்னா நம்ப மாட்டாங்க, 5 பேர் கவுன்சில்ல 3 பேர் காபி கடையில ஒக்காந்து சிட்டி விஷயத்த பேசி தீத்துக்கிட்டாலே சட்டப்படி தப்பு, அது மெஜாரிட்டி ஆயிடுது. ஈமெயில்ல ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பேசி முடிவுக்கு வந்தாலும் அதே கதைதான். அதனாலதான் நீங்க மைக்ல போயி மூணு நிமிஷம் உருக்கமா பேசினா எல்லாரும் செல மாதிரி ஒக்காந்திருப்பாங்க, திமிர்னு நெனைக்காதீங்க, அஜெண்டால இல்லாததுக்கு அவங்களால பெருசா பதில் பேச முடியாது.

இப்ப ரோட்டுக்கு வரேன், எனக்கு ரொம்ப தெரிஞ்ச ஏரியா இது. எங்க தெரு பக்கத்துல ஒரு பெரிய ரோடு, 35 மைல் லிமிட், எல்லாம் அதுக்கு மேலதான் பறக்கும். நம்ம தமிழ் தம்பி ஒருத்தர் வந்து "அண்ணா, ஒரு பெட்டிஷன் எழுதி நூறு கையெழுத்து வாங்கி கவுன்சில்ல குடுத்தா 25 ஆக்கிடுவாங்கல்ல?"ன்னு கேட்டாரு. ஆக்க முடியாதுப்பா, அந்த மாதிரி ரோட்டுக்கு லிமிட் வெக்க ஸ்டேட் சட்டத்துல ஒரு மொறை இருக்கு, எஞ்சினியர் வந்து வண்டிங்க எவ்ளோ வேகத்துல போகுதுன்னு சர்வே எடுக்கணும், 100 வண்டில 85 வண்டி எந்த வேகத்துக்குள்ள போகுதோ அதுக்கு பக்கத்துல இருக்குற அஞ்சாம் வாய்ப்பாட்டு நம்பர்தான் கணக்கு, அதுலருந்து காரணம் காட்டி ஒரு 5 கொறைக்கலாம். அதாவது 85 பேர் 43ல போறாங்கன்னு வந்தா 45, கொறைச்சா 40. இருந்த 35ம் போச்சு! வேகமா ஓட்டுறவன் சேந்து ஓட்டு போட்டு லிமிட்ட ஏத்திக்கிற மாதிரி. சர்வே எடுக்காம விட்டுடலாம்னா அதுவும் முடியாது, அந்த மாதிரி ரோட்டுல சர்வே காலாவதி ஆச்சுன்னா போலீஸ் ரேடார் வெச்சு போட்ட டிக்கெட் கோர்ட்ல நிக்காது. 2021ல ஏபி 43னு ஒரு சட்டம் வந்தப்புறம்தான் பழைய லிமிட்டயே வெச்சுக்க சிட்டிக்கு வழி கெடைச்சது.

நான் அந்த தம்பிகிட்ட சொன்னது வேற. லிமிட் போர்டு ஸ்டேட் ரூல், ஆனா ரோடோட அகலம் நம்மது. அடுத்த தடவை அந்த ரோட்டுக்கு தார் போடும்போது லேன ஒரு அடி குறுக்கி சைக்கிள் லேன் கோடு போட சொல்லு, நடந்து கிராஸ் பண்ற எடத்துல மின்னுற லைட்டு கேளு, வண்டி தானா மெதுவாகும். அதுக்கு கவுன்சிலுக்கு யார் கையெழுத்தும் வேணாம், காசு மட்டும்தான் வேணும்.

காசுன்னு வந்தா அங்கயும் கை கட்டிதான் இருக்கு. 1978ல ப்ரொபொசிஷன் 13னு ஜனங்களே ஓட்டு போட்டு கொண்டு வந்தது, சொத்து வரி மதிப்புல 1 சதவீதம்தான், வீடு கை மாறாத வரைக்கும் அந்த மதிப்பும் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏறாது. வர்ற அந்த ஒரு சதவீதத்துலயும் ஸ்கூல், கவுண்டின்னு (நம்ம மாவட்டம் மாதிரி) பிரிஞ்சு போயி சிட்டிக்கு ஒரு துண்டுதான். ரோட்டுக்குன்னு நம்பிக்கையா வர்றது பெட்ரோல் வரி பங்கு, 2017ல எஸ்பி 1 சட்டம் வந்து கேலனுக்கு 12 சென்ட் ஏத்துனாங்க, அடுத்த வருஷமே அத தூக்கணும்னு ஓட்டெடுப்பு வெச்சாங்க, தோத்துருச்சு. அந்த பணம் வேணும்னா வருஷா வருஷம் எந்தெந்த ரோடுன்னு லிஸ்ட் போட்டு ஸ்டேட்டுக்கு அனுப்பணும், இருக்குற சொந்த செலவையும் கொறைக்க கூடாது.

அந்த லிஸ்ட் போடுறது ஒரு வேடிக்கை. ஒவ்வொரு ரோட்டுக்கும் 0லருந்து 100 வரைக்கும் மார்க் உண்டு. நீங்களும் நானும் என்ன நெனைப்போம், மார்க் கம்மியா இருக்கறத மொதல்ல சரி பண்ணணும்னு. அவங்க உல்ட்டாவா பண்ணுவாங்க, 70 மார்க் ரோட்டுக்கு மேல ஸ்லர்ரி சீல்னு மெல்லிசா ஒரு பூச்சு பூசி காப்பாத்திடுவாங்க, 25 மார்க் ரோடு அப்டியே கெடக்கும், ஏன்னா அது இனிமே தோண்டித்தான் போடணும், இன்னும் மோசமானாலும் செலவு பெருசா ஏறாது, நல்ல ரோட்ட விட்டா நாளைக்கு பல மடங்கு ஆயிடும். கணக்கு சரிதான், ஆனா 25 மார்க் தெருக்காரன்கிட்ட இத சொல்லிப் பாருங்க. இதுக்குள்ள இன்னொரு விஷயமும் இருக்கு. ஏடிஏன்னு மாற்றுத்திறனாளிங்களுக்கான ஃபெடரல் சட்டப்படி ரோட்டுக்கு மேல புது தார் லேயர் போட்டா அந்த முனைல வீல்சேர் ஏறுற சரிவு இல்லன்னா கட்டியே ஆகணும், வெறும் ஸ்லர்ரி சீல்னா அது பராமரிப்புன்னு விட்டுடுவாங்க, 2013லயே ஃபெடரல் கவர்மெண்ட் இத தெளிவா எழுதி குடுத்துட்டாங்க. ஒவ்வொரு முனைக்கும் நல்ல செலவு. கைல காசு இல்லாத ஊரு எது பக்கம் சாயும்னு நான் சொல்லணுமா.

ஊருக்கு நடுவுல போற பெரிய ரோடு பல எடத்துல சிட்டியோடதே இல்ல. பே ஏரியால எல் கமீனோ ரியல் இருக்கே, அது பெரும்பாலும் ஸ்டேட் ரூட் 82, கால்ட்ரான்ஸ்ன்ற ஸ்டேட் ஹைவே டிபார்ட்மென்ட் கையில. அதுல குழி இருக்குன்னு கவுன்சில்ல வந்து கத்துனா ஸ்டாஃப் குறிச்சுக்கிட்டு கால்ட்ரான்ஸுக்கு லெட்டர் போடுவாங்க. "இது ஹைவேஸ் ரோடு சார், எங்களது இல்ல"ன்னு நம்ம ஊர்ல கேட்ட அதே டயலாக், இங்க இங்கிலீஷ்ல.

தண்ணி, சாக்கடை கட்டணம் 1996ல வந்த ப்ரொபொசிஷன் 218 கீழ வருது. ஏத்தணும்னா ஒவ்வொரு சொத்துக்காரருக்கும் தபால்ல நோட்டீஸ், 45 நாள் கழிச்சு ஹியரிங், பாதிக்கு மேல எழுத்துல எதிர்த்தா ஏத்த முடியாது. கட்டணம் தண்ணி குடுக்கற அசல் செலவ தாண்டவும் கூடாது. இதுல சான் ஹுவான் கபிஸ்ட்ரானோன்னு தெற்குல ஒரு சின்ன ஊரு மாட்டுச்சு பாருங்க. 2015 கடும் வறட்சி, ஏப்ரல் மொத வாரத்துல கவர்னர் ஜெர்ரி பிரௌன் ஊருங்க எல்லாம் தண்ணிய 25 சதவீதம் கொறைக்கணும்னு ஆர்டர் போடுறாரு. அந்த ஊர்ல அதிகமா தண்ணி இழுக்குறவங்களுக்கு படிப்படியா ரேட்டு ஏத்தி வெச்சிருந்தாங்க, அதே மாசம் கோர்ட் தீர்ப்பு வருது, ஒவ்வொரு படிக்கும் அசல் செலவு எவ்ளோன்னு காட்டல, இந்த ரேட்டு செல்லாதுன்னு. மேலருந்து ஒரு கை கொறைன்னுது, இன்னொரு கை ரேட்டு ஏத்தாதன்னுது, நடுவுல அஞ்சு பேர்.

குப்பையும் அப்டிதான். எஸ்பி 1383னு 2016 சட்டம், 2022லருந்து சாப்பாட்டு கழிவ தனியா போடணும். அது நல்லதுதான், நான் குறை சொல்லல. ஆனா அதுல ஒரு ரூல், ஊரே கம்போஸ்ட் மாதிரி திரும்ப தயாரான பொருள வாங்கணும், ஆளுக்கு வருஷம் 0.08 டன் கழிவு கணக்குல. 30,000 பேர் ஊருக்கு 2,400 டன் கழிவுக்கு ஈடா வாங்கணும். எங்க ஊர்ல மொத்தமா பார்க் எவ்ளோ இருக்கு, அதுல எவ்ளோ எரு கொட்டுவீங்க? மீட்டிங்ல ஒரு கவுன்சிலர் இத படிச்சுட்டு ஒரு நிமிஷம் பேசவே இல்ல.

வீடு விஷயம் பெரிய கதை, சுருக்கிடறேன். 8 வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு ஏரியாவுக்கும் இத்தன வீட்டுக்கு எடம் காட்டுன்னு ஸ்டேட் டார்கெட் குடுக்கும், 2023 டு 2031க்கு பே ஏரியாவுக்கு மட்டும் 441,176 வீடு, அத ஊர் ஊரா பிரிப்பாங்க. கவுன்சில் வீடு கட்டாது, கட்டலாம்னு எடம் காட்டி பிளான் குடுக்கணும், அத ஸ்டேட் ஹவுசிங் டிபார்ட்மென்ட் ஏத்துக்கணும், கெடு 2023 ஜனவரி 31. தாண்டினா பில்டர்ஸ் ரெமெடி, அதாவது ஏழைங்களுக்கு ஒரு பங்கு ஒதுக்குனா பில்டர் உங்க ஜோனிங்க, எந்த எடத்துல என்ன கட்டலாம்ன்ற ஊர் ரூல, மதிக்காமலே அப்ளிகேஷன் போடலாம். தப்பிக்க பாத்தவங்களும் உண்டு. 2022ல எஸ்பி 9னு ஒரு ஸ்டேட் சட்டம் அமலுக்கு வந்து, ஒரு வீட்டு மனைய ரெண்டா பிரிச்சு வீடு கட்டலாம்னதும், வுட்சைடுன்னு பணக்கார டவுன் ஒண்ணு எங்க ஊரு முழுக்க மலைச்சிங்கம் (பூமா) வாழற எடம், அதனால அந்த சட்டம் எங்களுக்கு செல்லாதுன்னு அறிவிச்சாங்க. ஸ்டேட் அட்டர்னி ஜெனரல் ராப் பான்டா ஒரு லெட்டர்தான் போட்டாரு, அந்த பிப்ரவரிலயே முடிவ வாபஸ் வாங்கிட்டாங்க. சிங்கம்லாம் எங்க போச்சோ.

நம்ம ஆளுங்களுக்கு இதுல நேரடியா லாபம் ஏடியூதான், பின்பக்கம் கட்டுற சின்ன வீடு. அப்பா அம்மா வந்தா ஆறு மாசம் தங்க எடம் வேணும்னு பல பேர் கட்டுறாங்க. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்க்கிங் போகுது, நிழல் விழுதுன்னு கவுன்சில்ல சொல்லுவாரு. 800 சதுர அடி வரைக்கும், வேலிலருந்து 4 அடி தள்ளி, உயரம் 16 அடிக்குள்ளன்னா சிட்டி மறுக்கவே முடியாது, முழு அப்ளிகேஷன் கெடைச்ச 60 நாள்ல முடிவு சொல்லணும், ஹியரிங்கே கெடையாது. அவரு பேசறத கவுன்சில் மரியாதையா கேட்டுக்கும், அவ்ளோதான்.

அப்ப இவங்க கையில என்னதான் இருக்குன்னா, வரிசையும் நேரமும். எது மொதல்ல, எது அஞ்சு வருஷம் கழிச்சு. அது கேப்பிட்டல் இம்ப்ரூவ்மென்ட் பிளான்னு ஒரு தடி டாக்குமெண்ட்ல இருக்கும். பட்ஜெட் வருஷம் ஜூலை 1ல ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடி வசந்த காலத்துல ஸ்டடி செஷன் வெப்பாங்க, நான் போனப்ப பார்வையாளர் சீட்ல ரெண்டு மூணு பேருக்கு மேல பாத்ததில்ல. அப்புறம் ஒவ்வொரு மீட்டிங் ஆரம்பத்துலயும் கன்சென்ட் கேலண்டர்னு ஒண்ணு, பத்து பதினஞ்சு ஐட்டத்த ஒரே ஓட்டுல தள்ளிடுவாங்க, மில்லியன் டாலர் தார் காண்ட்ராக்ட் எல்லாம் அதுக்குள்ளதான் போகும். அந்த 72 மணி நேர அஜெண்டாவ டவுன்லோட் பண்ணி அத மட்டும் படிங்க, சந்தேகம் இருந்தா மீட்டிங்குக்கு முன்னாடியே எழுதுங்க, அந்த ஐட்டத்த தனியா எடுத்து பேசணும்னு கேளுங்க, ஒரு கவுன்சிலர் சரின்னா போதும், பெரும்பாலும் வெளிய எடுத்துடுவாங்க.

எங்க ஊர்ல ஸ்கூல் பக்கத்துல சைட்வாக் இல்லாத ஒரு துண்டு ரோடு அப்டிதான் லிஸ்ட்டுக்குள்ள வந்துச்சு, நாலு அம்மாக்கள் அந்த காலி ஹாலுக்கு ஏப்ரல்ல வந்தாங்க, ஜூன்ல லிஸ்ட்ல இருந்துச்சு. கட்டிட்டாங்களான்னு கேட்டா, டிசைனுக்கு சிட்டி காசு குடுத்துருச்சு, கட்டுறதுக்கு ஆக்டிவ் டிரான்ஸ்போர்ட்டேஷன் புரோகிராம்னு ஸ்டேட் கிராண்டுக்கு அப்ளை பண்ணியிருக்காங்க.