கல்லறைத் தோட்டத்துக்குப் பட்டா கேட்க வேண்டாம்

கேள்வி: பேரையூர் வட்டத்தில் எங்கள் ஊர் மாதா கோயிலுக்கு 32 சென்ட் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பழைய கல்லில் 1911 என்று வெட்டியிருக்கிறது. சர்வேயர் அளந்துவிட்டு அரசுப் புறம்போக்கு என்கிறார். தாசில்தார் நோட்டீஸும் வந்துவிட்டது. பட்டா வாங்கலாமா?

பதில்: நோட்டீஸில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டம் 7-வது பிரிவு என்றால் விளக்கம்தான் கேட்டிருக்கிறார்கள். வெளியேற்றும் உத்தரவு 6-வது பிரிவில் வரும், அதற்கு மேல்முறையீடு உண்டு. கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பத்துப் பேர் போய்ப் பேசிவிட்டு வந்தால் அது கோப்பில் ஏறாது.

பட்டா கேட்டால் மனு தள்ளுபடியாகும், அந்த உத்தரவே நாளைக்கு உங்களுக்கு எதிரான காகிதமாகும். நீங்கள் கேட்க வேண்டியது வகைப்பாடு: எந்த நிலம் என்ன வகை என்று காட்டும் கிராமக் கணக்கான 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண்ணைக் கல்லறைப் புறம்போக்கு என்று பதிய வேண்டும். நிலம் அரசுடையதாகவே இருக்கும், அடக்கம் செய்யும் உரிமை உங்களுக்கு நிற்கும்.

அதற்கு வரலாறுதான் சாட்சி. யூ.டி.ஆருக்கு (நில ஆவணங்களைப் புதுப்பித்த அரசுத் திட்டம்) முந்தைய 'அ' பதிவேடு, பழைய புலப்படம், அடங்கல் (கிராமச் சாகுபடிக் கணக்கு) ஆகியவற்றின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், மனுவுக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு போதும். முன்பு மயானம் என்றிருந்து யூ.டி.ஆரில் தரிசாக மாறியிருந்தால், திருத்தம் கேட்டு டி.ஆர்.ஓ.விடம் (மாவட்ட வருவாய் அலுவலர்) மனு போடலாம். சாப்டூர் போல ஜமீனில் இருந்த கிராமம் என்றால், 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் விடாதீர்கள். 1911-இல் அது சர்க்கார் நிலமாகவே இருந்திருக்காது.

கல் மட்டும் போதாது, கல்லை நகர்த்தி நட முடியும். பங்குக் கோயிலின் அடக்கப் பதிவேட்டில் அதே பெயரும் தேதியும் இருக்க வேண்டும். எழுத்து தேய்ந்திருந்தால் காலைச் சாய்வெயிலில் பக்கவாட்டில் படம் எடுங்கள். சுண்ணாம்பு தடவித் துலக்கினால் நேற்று எழுதியது என்பார்கள்.

பி-மெமோ (ஆக்கிரமிப்புக்கு விதிக்கும் அபராதம்) கட்டிய ரசீதைத் தீர்வை ரசீது என்று பலர் பத்திரப்படுத்துகிறார்கள். அது அனுபவத்தைக் காட்டும், கூடவே ஆக்கிரமிப்பாளர் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகவும் ஆக்கிவிடும். பதிலில் அதை முதல் ஆவணமாக வைக்காதீர்கள். 'அரசு மயானத்துக்கு விட்ட நிலம்' என்றும் '30 வருஷம் அரசுக்கு எதிராக அனுபவித்தோம்' என்றும் ஒரே மனுவில் எழுதுவதும் தப்பு, ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். முதலாவதையே பிடியுங்கள்.

சிவில் வழக்குதான் என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் 80-வது பிரிவில் அரசுக்கு நோட்டீஸ் கொடுத்து, பொதுவாக 2 மாதம் காத்திருக்க வேண்டும். அதனால் 7-வது பிரிவு பதிலை வழக்குக்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

இது முடியும்வரை காம்பவுண்டு சுவர் எழுப்பாதீர்கள், தோட்டத்தை வெளிப்பக்கம் நீட்டவும் வேண்டாம். 1999 ஊராட்சி மயான விதிகளின்படி, உரிமம் இல்லாத இடத்தில் வீட்டுக்கோ குடிநீர் ஆதாரத்துக்கோ 90 மீட்டருக்குள் அடக்கம் செய்யக் கூடாது.

புல எண் கண்மாய்ப் புறம்போக்கு என்று வந்தால் மட்டும் கணக்கே வேறு. நீர்நிலையை வகை மாற்றித் தரமாட்டார்கள். அப்போது இருக்கும் கல்லறைகளைத் தொடாமல் விடச் சொல்லியும், புதிய அடக்கத்துக்கு மாற்று இடம் கேட்டும் கலெக்டரிடம் மனுக் கொடுங்கள்.