மின்சாரம்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை மிக்ஸி பாயிண்டிலேயே மாட்டலாமா? கெட்டிலும் (1500 வாட்) இருக்கிறது.
– வாசகி, குளச்சல்

பதில்: வேண்டாம்மா. 2000-ஐ 230-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 9 ஆம்பியர். மிக்ஸி பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது; கெட்டிலுக்கே போதாது. உங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வீட்டில் இப்படி மாட்டிய சாக்கெட்டைக் கழற்றினேன். உப்புக்காற்றில் ஸ்குரூ பச்சை பூத்திருந்தது, வயரின் தோல் அப்பளம் போலப் பொரிந்திருந்தது.

அடுப்புக்குத் தனியாக 16 ஆம்பியர் சாக்கெட், மெயின் போர்டிலிருந்து நேராக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 16 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானாகவே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்). கெட்டிலுக்கும் இன்னொரு லைன் இதேபோல் இழுங்கள். எம்சிபி அடிக்கடி விழுகிறதென்று 32 போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அப்புறம் எரிவது வயர்தான். எர்த் வயரும் கட்டாயம்.