சைக்காலஜியா, பொலிட்டிக்கல் சயின்ஸா? முதலில் வீட்டில் பேச வேண்டிய கணக்கு

பிளஸ் டூ முடித்த மகள் சைக்காலஜி கேட்கிறாள், வீட்டில் வேலை கிடைக்குமா என்று பயம். பொலிட்டிக்கல் சயின்ஸ் என்றால் "கட்சியில் சேரப் போகிறாயா?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். இந்த இரண்டில் எது என்று முடிவெடுக்கும் முன் பெற்றோர் ஒன்றைத் தெளிவாகப் பேசிவிடுங்கள்: எத்தனை ஆண்டு படிக்க வைக்க முடியும்? மூன்றா, ஐந்தா, ஏழா?

சைக்காலஜி நீண்ட படிப்பு. பி.எஸ்சி. பட்டத்தோடு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு வேண்டும். இதுவரை இருந்த வழி: இளநிலை 3 ஆண்டு, எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. 2 ஆண்டு, ஆர்சிஐ அங்கீகரித்த எம்.ஃபில். 2 ஆண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி எம்.ஃபில். படிப்பையே நிறுத்தியபோது, கிளினிக்கல் சைக்காலஜி சேர்க்கைக்கு 2025-26 வரை விலக்கு தந்தது. ஆகவே இப்போது சேரும் பிள்ளைக்குப் பழைய வழி அப்படியே இருக்கும் என்று நம்பித் திட்டமிடாதீர்கள். ஆர்சிஐ இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற படிப்புகள், கல்லூரிகளின் பட்டியலை ஆண்டுதோறும் பாருங்கள். "கவுன்சலிங் டிப்ளமோ, ஆறு மாதம்" என்ற விளம்பரங்கள் இந்தப் பதிவைத் தராது.

இன்னொன்றும் பலருக்குத் தெரியவில்லை. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து சைக்காலஜியைத் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ புதிதாகச் சேர்க்க யுஜிசி அனுமதிக்கவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே தபாலில் எம்.எஸ்சி. முடித்துவிடலாம் என்ற கணக்கு இனி செல்லாது.

உள்ளே என்ன படிக்க வேண்டும் என்பதையும் பிள்ளையிடம் சொல்லுங்கள். மூளை, நரம்பு மண்டலம் பற்றிய பாடம் தொடக்கத்திலேயே வந்துவிடும். பிறகு வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், பிறழ்நிலை உளவியல் (மனநோய்கள் பற்றியது), ஆய்வுமுறைகள், புள்ளியியல். திட்டவிலக்கம், ஒட்டுறவு, டி-டெஸ்ட் போன்ற புள்ளியியல் கணக்குகள் எல்லாம் கையால் போட வேண்டியிருக்கும். கணக்கு வேண்டாம் என்று இந்தப் பக்கம் வருபவர்கள் அரியர் வைப்பது பெரும்பாலும் இங்கேதான். செய்முறைக்கு லேப் உண்டு, ரெக்கார்டு நோட்டு உண்டு. கல்லூரியைப் பார்க்கப் போகும்போது லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சோதனைக் கருவிகள் எத்தனை செட், ஒரு செட்டுக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். பல கல்லூரிகளில் இது சுயநிதிப் பிரிவு. கல்லூரி அரசு உதவி பெறுவது என்பதை மட்டும் பார்க்காமல், இந்தத் துறை எந்தப் பிரிவில் இருக்கிறது என்று விசாரியுங்கள். கட்டணம் அதைப் பொறுத்துத்தான்.

தன் மனச்சோர்வையோ வீட்டுச் சண்டையையோ புரிந்துகொள்ளவே சைக்காலஜி கேட்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதில் தவறே இல்லை. ஆனால் வகுப்பறை சிகிச்சை ஆகாது. முதலில் மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அழைத்துச் செல்லுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டில் நோய்க்குறிகளைப் படிக்கும்போது எல்லாம் தனக்கே இருப்பதாகத் தோன்றிப் பயந்துபோவார்கள்.

மூன்று ஆண்டுதான் முடியும் என்றால் பொலிட்டிக்கல் சயின்ஸ் பக்கமே சாய்வேன். பட்டத்தின் பெயரைச் சொல்லி நேராக வேலை தருபவர்கள் இதிலும் குறைவு. ஆனால் "ஏதேனும் ஒரு பட்டம்" கேட்கும் போட்டித் தேர்வுகளுக்கு வகுப்பில் படிப்பதே தயாரிப்பாகிவிடும். அரசியலமைப்பு, பொது நிர்வாகம் இரண்டும் டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கு நேரடியாக உதவும். யுபிஎஸ்சி மெயின்ஸில் பொதுஅறிவு இரண்டாம் தாள் 250 மதிப்பெண், ஏறக்குறைய இதே பாடம். விருப்பப் பாடமாக எடுத்தால் மொத்தம் 1750-இல் இன்னும் 500. சைக்காலஜியும் விருப்பப் பாடப் பட்டியலில் உண்டு, ஆனால் பொதுத் தாள்களோடு இந்த அளவு ஒட்டாது. மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கும் போகலாம்; பொதுப் பிரிவினருக்குப் பட்டத்தில் குறைந்தது 45 சதவீதம் தேவை.

பயிற்றுமொழியில் அவசரப்படாதீர்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்த பிள்ளை ஆங்கில வழிப் பட்டத்தில் சேர்ந்தால், பட்டப்படிப்பு கேட்கும் அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமையை இழக்கும். இந்த முன்னுரிமைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் முழுப் படிப்பும் தமிழ் வழியாக இருக்க வேண்டும். "இங்கிலீஷ் மீடியம்தான் மதிப்பு" என்று மாற்றிவிட்டுப் பின்னால் வருந்தும் குடும்பங்கள் உண்டு.

ஆசிரியர் வேலை நினைப்பு இருந்தால் ஒன்று: தமிழ்நாட்டில் இந்தப் பாடங்களில் இளநிலை முடித்ததும் பி.எட். சேர இயலாது. பொலிட்டிக்கல் சயின்ஸ், சைக்காலஜி இரண்டுக்குமே முதுகலை முடித்திருக்க வேண்டும்.

விண்ணப்பத்துக்கு வருவோம். அரசு கலைக் கல்லூரிகளுக்கு டிஎன்காசா இணையதளத்தில் ஒரே விண்ணப்பம். மொழிப்பாடம் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை. டெல்லி பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதன் பதிவு பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு வெகு முன்பே முடிந்துவிடும். மார்க் வரட்டும் என்று மே மாதம் வரை காத்திருந்தால் அந்த ஆண்டு அந்த வழி அடைபட்டுவிடும். பன்னிரண்டாம் வகுப்பு ஜனவரியிலேயே அறிவிப்பைக் கவனிக்கத் தொடங்குங்கள்.