புரொஜெக்டரும் ரெசல்யூஷனும்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நான் வாங்கிய புரொஜெக்டரின் பெட்டியில் '4கே சப்போர்ட்' என்று போட்டிருக்கிறது. ஆனால் சப்டைட்டில்கூடத் தெளிவாக இல்லை. ஏன்?

பதில்: 'சப்போர்ட்' என்றால் 4கே வீடியோ கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். சுவரில் எத்தனை புள்ளிகள் விழும் என்பது உள்ளே இருக்கும் சில்லைப் பொறுத்தது. விவரப் பட்டியலில் 'நேட்டிவ் ரெசல்யூஷன்', அதாவது சில்லில் உண்மையிலேயே உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை, என்ற வரியைத் தேடுங்கள். மலிவான மாடல்கள் பலவற்றில் 1280×720 அல்லது அதற்கும் கீழேதான் இருக்கும். பெருக்கிப் பாருங்கள்: 9,21,600 புள்ளிகள். ஃபுல் எச்டிக்கு 20,73,600, 4கேவுக்கு 82,94,400. எண்பது லட்சத்துச் சொச்சம் புள்ளிகளை ஒன்பது லட்சத்தில் அடைத்தால் பொடி எழுத்துதான் முதலில் சிதையும். இந்த வரியை ஒளித்துவிட்டு '4கே' என்று கொட்டை எழுத்தில் போடுவது வாங்குபவரை ஏமாற்றும் வேலை என்பேன்.

கேள்வி: டிஎல்பி (டிஜிட்டல் லைட் ப்ராசஸிங்) புரொஜெக்டர் என்கிறார்களே சார், அது எப்படி வேலை செய்கிறது?

பதில்: எத்தனை முறை விளக்கினாலும் எனக்குப் பிரமிப்பு தீராத விஷயம் இது. இதன் உள்ளே இருப்பது 1987-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் கண்டுபிடித்த சில்லு. அதன் மேல் லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒளி லென்ஸுக்குப் போகும், மறுபக்கம் சாய்ந்தால் போகாது. வெள்ளை, கறுப்பு சரி, சாம்பல் நிறம்? கண்ணாடி நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை புரள்கிறது. பாதி நேரம் ஒளி, பாதி நேரம் இருட்டு என்றால் நம் கண் இரண்டையும் கலந்து சாம்பலாகப் பார்த்துவிடும். ஒற்றைச் சில்லு மாடல்களில் பெரும்பாலும் சிவப்பு, பச்சை, நீலம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதனால் தலையைச் சட்டென்று திருப்பும்போது சிலருக்கு வானவில் கீற்று தெரியும். வாங்கும் முன் ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பல தியேட்டர்களில் 2கேதானாம். அங்கே மங்கலாகத் தெரியவில்லையே?

பதில்: சினிமா 2கே என்பது 2048×1080. 40 அடி அகலத் திரையில் ஒரு புள்ளியே ஏறக்குறைய 6 மில்லிமீட்டர்! வீட்டில் 6 அடி அகலத்துக்கு ஃபுல் எச்டி போட்டால் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. தியேட்டரில் தள்ளி உட்காருகிறோம், அதனால் தெரிவதில்லை.

கேள்வி: புரொஜெக்டரை ஓரமாக வைத்து, 'கீஸ்டோன்' என்ற செட்டிங்கில் படத்தின் கோணலைச் சரிசெய்கிறேன். பரவாயில்லையா?

பதில்: முடிந்தவரை வேண்டாம். டிஜிட்டல் கீஸ்டோன் படத்தைச் சில்லுக்குள்ளேயே சுருக்கித்தான் நேராக்குகிறது. காசு கொடுத்து வாங்கிய புள்ளிகள் வீணாகும், எழுத்தும் மழுங்கும். ஸ்டாண்டை நகர்த்தித் திரைக்கு நேராக வையுங்கள், அப்புறம் கீஸ்டோனை 0-க்குக் கொண்டுவாருங்கள்.